கழிச்சல்ல போவானும் கொரோனாவும்: நோய் வசவு சேகரிக்க

"நோயை வச்சுத் திட்டுறது ஏதாவது சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். "அடுத்த வீட்டு ஆடு உங்க வாழைக்கன்னைக் கடிச்சா என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். திருநெல்வேலியில் எங்கள் பெரியம்மாவிடம் அப்படித்தான் கேட்டேன். ஆடே எதிரில் நிற்பதுபோல் குரல் ஏறிவிட்டது: "கழிச்சல்ல போவான், அவன் கொள்ளையில போவான்!"

வார்த்தையை மட்டும் குறிக்காதீர்கள். யார், யாரை, எதற்காக என்பதும் வேண்டும். அதே பெரியம்மா பேரனைப் பார்த்து, "கழிச்சல்ல போவான், சோறு ஆறுது, வாரானா பாரு" என்பார். அதில் இருப்பது கொஞ்சல். குறிப்பில் அது வரவில்லையென்றால் பாதி போச்சு.

அப்புறம் எது நோய் வசவு, எது இல்லை என்று சலிக்க வேண்டும். கழிச்சல், பேதி இரண்டும் காலரா எனும் வாந்திபேதியை நினைத்துச் சொல்வது. உடம்பு நீரெல்லாம் வற்றி, வைத்தியம் இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் ஆளை முடித்துவிடும் நோய். சாபத்துக்கு அந்த வேகம் பிடித்துப்போனது. கொள்ளை என்றால் திருட்டு அல்ல, கொள்ளைநோய். "கட்டையில போவான்", "பாடையில போவான்" இதில் சேராது. அவை சுடுகாட்டுக் கணக்கு. டச்சுக்காரர்களும் நம்மைப் போலத்தான், டைபாய்டையும் காசநோயையும் வைத்து இன்றும் திட்டுகிறார்கள்.

பெரியம்மை வேறு மாதிரி. அதைத் திட்டாகச் சொல்லவே பயம். "அம்மா வந்திருக்கா" என்று மரியாதையாகத்தான் பேச்சு. அந்தத் தயக்கத்தையும் எழுதி வையுங்கள்.

பழியை அடுத்தவன்மேல் போடும் பெயர்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். மேகநோய், அதாவது உடலுறவால் தொற்றும் சிபிலிஸ், தரும் புண்ணுக்கு நம் ஊரில் பறங்கிப்புண் என்று பெயர். பறங்கி என்றால் ஐரோப்பியன். 2020இல் வடகிழக்கு மாநிலத்தவரை இந்திய நகரத் தெருக்களில் "கொரோனா" என்று கூப்பிட்டதும் இதே ரகம். புது நோய்க்கு ஊர் பெயர், இனத்தின் பெயர் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே சொல்லியிருந்தது. நோய்க்குப் பெயர் வைப்பவர்களுக்கு அது சரி, தெருவில் போகிறவன் வாயை யார் கட்டுவது? இந்த வகையை எழுதும்போது யாரை நோக்கிச் சொன்னது என்பதை விடவே கூடாது.

தும்மினவனை "டேய் கொரோனா, தள்ளி நில்லு" என்ற கிண்டலெல்லாம் சீக்கிரம் செத்துப்போகும். கேட்ட மாதமும் வருஷமும் போட்டுவிடுங்கள்.

சொன்னவர் பெயர் வேண்டாம். ஊரும் வயதும் போதும். ஆட்டுக்காரர் இன்னும் அடுத்த தெருவில்தான் இருக்கிறார்.