பாரம் திரும்பி வருகிறது, பிழை மட்டும் வரவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துப் பிள்ளைகள் ஜாங்கோ (பைத்தானில் இணையதளம் கட்டும் கருவி) பழகும்போது கையில் எடுப்பது ஊருக்கு வேண்டிய பாரமாகத்தான் (விண்ணப்பப் படிவம், ஃபார்ம்) இருக்கும்: கோயில் உபயப் பதிவு, டியூஷன் சேர்க்கை, தமிழ்ப்பள்ளி ஓட்டப்பந்தயம். விட்டுப்போன கமா, பெயர்க் குழப்பம் எல்லாம் இங்கே பேச்சில்லை. அவற்றைத் திரையே காட்டிக்கொடுத்துவிடும். பாரத்தின் பிழைச் செய்தியில் நடக்கும், திரை காட்டிக்கொடுக்காத தப்புகள்தான் பேச்சு.

பிழையோடு இருந்த ஃபார்மைத் தொலைப்பது

தட்டியதைச் சரிபார்க்கும் இஸ்-வேலிட் ஓடியதும் பிழைச் செய்திகள் அந்த ஃபார்ம் ஆப்ஜெக்டிலேயே தங்கும். பக்கத்தின் அச்சான டெம்ப்ளேட்டுக்குப் போக வேண்டியது அதே ஆப்ஜெக்ட். ஆனால் கோரிக்கையைக் கையாளும் வியூவில், பக்கத்தை உருவாக்கி அனுப்பும் ரெண்டருக்கு மேலே, புதுக் காலி ஃபார்மை உருவாக்கும் வரி ஒன்று நிற்கும். எல்ஸுக்குள் (போஸ்ட் இல்லாதபோது மட்டும் ஓடும் பகுதி) இருக்க வேண்டிய வரி. ஒரு இன்டென்ட் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். போஸ்ட், அதாவது தட்டி அனுப்பிய விவரம், வந்தாலும் அது ஓடி, பிழை சுமந்த ஃபார்மின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஓர் அம்மா கைப்பேசியில் பிள்ளையின் பெயர், பிறப்புப் பத்திர எண், முகவரி எல்லாம் தட்டி அனுப்புகிறார். ஒரு கட்டம் தவறு. பக்கம் வெறுமையாகத் திரும்புகிறது. பதிவாகிவிட்டது போல என்று மூடிவிடுவார். சர்வர் லாக்கிலோ 200 (சரி என்ற குறி), எக்ஸெப்ஷன் எதுவும் கிடையாது. போட்டியன்று பட்டியலில் பெயர் இல்லாதபோதுதான் சண்டை வரும். அப்போதும் திட்டு வாங்குவது டீச்சர்தான், கோட் எழுதியவர் அல்ல.

பிரவுசரை மறுபடி பக்கம் கேட்க வைக்கும் ரீடைரக்டிலும் இதே கூத்து உண்டு. லாராவெல் (பி.ஹெச்.பி.யில் இதேபோன்ற கருவி) பழகியவர்கள் பிழையானாலும் ரீடைரக்ட் செய்வார்கள். அங்கே பிழைகளும் தட்டிய விவரங்களும் செஷன் (ஒருவருக்கான தற்காலிகச் சேமிப்பு) வழியாக அடுத்த பக்கத்துக்குப் போய்ச் சேரும். ஜாங்கோ அப்படிச் சுமக்காது. எல்லாம் சரியென்றால் மட்டும் ரீடைரக்ட். இல்லையென்றால் அதே ஃபார்மோடு ரெண்டர். கோப்புக் கட்டம் மட்டும் விதிவிலக்கு, பிரவுசர் அதைத் திரும்ப நிரப்பாது. "கோப்பை மறுபடி தேர்ந்தெடுக்கவும்" என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சோதிக்கும்போது ஃபார்ம் டேக்கில் நோவேலிடேட் போடுங்கள். இல்லாவிட்டால் காலிக் கட்டத்தைப் பிரவுசரே மறித்துவிடும். சர்வரின் செய்தி திரைக்கு வருகிறதா என்று பார்க்கவே முடியாது.

சிவப்புக் கோடு மட்டும்

போதாது. கட்டத்துக்குக் கீழே வார்த்தையில் எழுதி, திரைவாசிப்பானுக்கும் எட்டும்படி ஏரியா-டிஸ்க்ரைப்டுபை கொண்டு இணையுங்கள்.

பிழைச் செய்திக்கு சேஃப் ஃபில்டர்

கூடவே கூடாது. அது எழுத்தை வடிகட்டாமல் அப்படியே பக்கத்தில் விட்டுவிடும். தட்டியவர் எழுதியது செய்திக்குள் வந்தால், அதிலிருக்கும் ஸ்கிரிப்ட்டும் ஓடும்.

கட்டம் கட்டமாகக் கையால் எழுதும்போது

வயதும் பிரிவும் பொருந்தவில்லை என்பது போன்ற பிழை எந்தக் கட்டத்துக்கும் சொந்தமில்லை. நான்-ஃபீல்டு எரர்ஸ் என்ற தனிப் பட்டியலில் போய் விழும். அதற்கு பாரத்தின் தலையில் தனி வரி வேண்டும். மறைந்திருக்கும் ஹிடன் கட்டங்களின் பிழையும் அப்படித்தான்: ஃபார்மை மொத்தமாக அச்சிட்டால் ஜாங்கோவே மேலே காட்டும், கையால் எழுதினால் உங்கள் பாடு.

சரியாக எழுதியவரைத் தவறு என்பது

பெயரில் எழுத்தும் இடைவெளியும் மட்டும் என்று ரெஜெக்ஸ் (எழுத்து விதி) வைத்தால், ஐ.சி.யில் (அடையாள அட்டை) ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) உள்ள பாதி ஊர் வெளியே நிற்கும். சாய்கோட்டை அனுமதியுங்கள். ஐ.சி. எண் 12 இலக்கம். இரண்டு கோடுகளோடு ஒட்டினால் 14. மேக்ஸ்லெங்த் 12 என்றிருந்தால் பிரவுசர் வாலை வெட்டிவிடும், சர்வர் "12 இலக்கம் வேண்டும்" என்று அவரையே குறை சொல்லும். மேக்ஸ்லெங்த்தை 14 ஆக்கி, கோடுகளைக் க்ளீன் மெத்தடில் (கட்டத்தைச் சரிபார்க்கும் உங்கள் கோட்) நீக்கிவிட்டுப் பிறகு எண்ணுங்கள்.