ஐஸ் ஹாக்கி டிஃபென்ஸ்மேன் ஒருவரின் கேரியரைப் படிப்பது எப்படி

ஒரு டிஃபென்ஸ்மேனைப் பற்றித் தெரிந்துகொள்ள அவருடைய புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கோலும் அசிஸ்ட்டும்தான். அதை ஓரமாக வையுங்கள். எதிரணி அடிக்க முடியாமல் போன கோலுக்குத்தான் இவருக்குச் சம்பளம், அதற்கென்று அந்தப் பக்கத்தில் தனியாக ஒரு கட்டம் கிடையாது.

நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு: மொத்தம் எத்தனை ஆட்டம் ஆடினார், ஒரு ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் களத்தில் நின்றார். என்எச்எல் (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) ஆட்டம் 60 நிமிடம், ஒரு அணி வழக்கமாக 6 டிஃபென்ஸ்மேன்களை மூன்று ஜோடியாக, ஒரு நேரத்தில் ஒரு ஜோடி என்று இறக்கும், ஆக சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 20 நிமிடம். ஒருவர் வருடக்கணக்கில் 24, 25 நிமிடம் ஆடுகிறார் என்றால் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரர்கள் களத்தில் இருக்கும்போது பயிற்சியாளர் இவரைத்தான் அனுப்புகிறார் என்று அர்த்தம். 14, 15 நிமிடம் என்றால் மூன்றாவது ஜோடி. பயிற்சியாளர் பேட்டியில் யாரை வேண்டுமானாலும் புகழலாம், ஆனால் நிமிடக் கணக்கில் பொய் சொல்ல முடியாது, அதனால் எனக்கு இந்த ஒரு எண்ணின் மேல்தான் முழு நம்பிக்கை. ஒரே சிக்கல், இந்தக் கணக்கு 1997-98 சீசனிலிருந்துதான் கிடைக்கும்.

பழைய ஆட்டக்காரர்களுக்கு பிளஸ் மைனஸ் கொஞ்சம் உதவும். இவர் களத்தில் இருக்கும்போது சொந்த அணி கோல் அடித்தால் ஒன்று கூடும், வாங்கினால் ஒன்று குறையும் (பவர் பிளேயில், அதாவது பெனால்டியால் எதிரணிக்கு ஆள் குறைந்திருக்கும்போது, அடித்த கோல் சேராது). பாஸ்டன் டிஃபென்ஸ்மேன் பாபி ஓர் 1970-71 சீசனில் +124 எடுத்தார், இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை. ஆனால் மோசமான அணியில் மாட்டிக்கொண்ட நல்ல ஆட்டக்காரரின் எண்ணும் மோசமாகத்தான் இருக்கும், அதனால் அதே வருடம் அதே அணியில் இருந்த மற்றவர்களின் எண்ணோடு வைத்துப் பாருங்கள், தனியாகப் பார்க்காதீர்கள்.

பெனால்டி நிமிடங்களையும் (விதியை மீறியதற்குத் தண்டனையாகக் கிடைத்த நிமிடங்கள்) விடாதீர்கள். நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் 20 சீசனில் 1564 ஆட்டம் ஆடி வெறும் 514 பெனால்டி நிமிடம்தான் வாங்கினார், ஏழு முறை சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையும் எடுத்தார். இது எப்படிச் சாத்தியமானது என்று பார்க்க அவருடைய பழைய வீடியோ ஏதாவது ஒன்றை எடுத்து, எதிரணியின் ஃபார்வர்ட் (கோல் அடிக்க முன்னே ஆடுபவர்) ஒருவர் பக்கோடு (ஹாக்கியில் அடிக்கும் ரப்பர் வட்டு) தனியாக அவரை நோக்கி வரும் இடத்தில் நிறுத்துங்கள். லிட்ஸ்ட்ரோம் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருப்பார், இடைவெளி ஏறக்குறைய ஒரு ஸ்டிக் நீளம், ஸ்டிக்கின் தட்டை முனை பனியைத் தொட்டபடி நடுவழியை அடைத்திருக்கும். கண் பக்கின் மேல் இருக்காது, எதிராளியின் மார்பின் மேல் இருக்கும், ஏனென்றால் பக்கை வைத்து ஏமாற்றலாம், உடம்பு போகும் திசையை வைத்து ஏமாற்றுவது கஷ்டம். வந்தவருக்கு சுவர்ப்பக்கம் மட்டும்தான் வழி இருக்கும், அங்கே போனதும் பக்கை ஸ்டிக்காலேயே தட்டிவிடுவார். மோதல் இல்லை, பெனால்டியும் இல்லை.

சரி, அடுத்தது டிராஃப்ட், அதாவது என்எச்எல் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது. எத்தனையாவது இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதை வைத்து டிஃபென்ஸ்மேனை எடைபோடாதீர்கள். 18 வயதில் எடுக்கிறார்கள், ஆனால் இந்த இடத்தில் ஆடுபவர்கள் தாமதமாகத்தான் பழுக்கிறார்கள். லிட்ஸ்ட்ரோம் 1989-இல் 53-ஆவது ஆள், ஸ்டெனோ ஹாரா 1996-இல் 56-ஆவது ஆள். இருவருமே முதல் சுற்றில் போகவில்லை. நடுவில் ஏஎச்எல்லில் (என்எச்எல்லுக்கு அடுத்த நிலை லீக்) கழித்த வருடங்களைத் தோல்வி என்று வாசிக்காமல் 23, 24 வயதில் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

அப்புறம் வெற்று வருடங்கள். ஒரு சீசனில் 82 ஆட்டத்துக்கு 30 மட்டும் ஆடியிருந்தால் பெரும்பாலும் காயம்தான், அந்தக் காயம் எப்படி வந்தது என்று தேடுங்கள். டிஃபென்ஸ்மேனின் வேலையிலேயே ஆபத்தான நொடி ஒன்று உண்டு: எதிரணி மூலைக்குத் தள்ளிய பக்கை எடுக்க, சுவரைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி முழு வேகத்தில் போக வேண்டும், பின்னால் ஃபார்வர்ட் துரத்தி வருவார். 2005-இல் கோல்கீப்பர் மூலைப்பகுதிகளில் பக்கைத் தொடக் கூடாது என்று விதி வந்ததும் இந்த ஓட்டம் இன்னும் அதிகமானது. ஐசிங் பக்குக்காக (எதிரணி தன் பாதியிலிருந்தே இந்தப் பக்கக் கோல் கோட்டைத் தாண்டி அடித்துவிட்ட பக்; டிஃபென்ஸ்மேன் அதை முதலில் தொட்டால் ஆட்டம் நிற்கும்) ஓடியதில் 2008-இல் கர்ட்டிஸ் ஃபாஸ்டருக்குத் தொடை எலும்பு உடைந்தது, 2013-இல் யோனி பிட்கானனுக்குக் குதிகால் எலும்பு உடைந்தது. பிட்கானன் அதற்குப் பிறகு என்எச்எல்லில் ஆடவே இல்லை. 2013-14 சீசனில்தான், பக்கை யார் தொடுகிறார் என்று கடைசி வரை காத்திருக்காமல் முன்கூட்டியே விசில் ஊதும் முறை கொண்டுவந்தார்கள். பல வருடம் முன்பே செய்திருக்க வேண்டிய மாற்றம் அது, இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

ஒருவர் ஆடிய அணிகளின் பட்டியலில் கடைசியாக இருக்கும் அணியை நம்புவதில் கவனம் தேவை. ரே போர்க் பாஸ்டனில் 20 சீசனுக்கு மேல் இருந்துவிட்டு 2000 மார்ச்சில் கொலராடோவுக்கு மாறினார், 2001-இல் ஸ்டான்லி கோப்பையை (என்எச்எல் சாம்பியனுக்கான கோப்பை) தூக்கிவிட்டு ஓய்வு பெற்றார், அது கோப்பைக்காகவே நடந்த மாற்றம். ஆனால் கிரிஸ் பிராங்கர் 2011-க்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, கண்ணிலும் தலையிலும் அடி, அப்படியும் 2015-இல் அவருடைய ஒப்பந்தத்தை மட்டும் அரிசோனாவுக்கு மாற்றினார்கள், அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் வரம்புக் கணக்குக்காக. அதே வருடம்தான் அவர் ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்ந்தார்.

ஓய்வுக்குப் பின் என்ன ஆனார் என்பதைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், நீங்கள் தாண்டாதீர்கள். லேரி ராபின்சன் 2000-இல் நியூ ஜெர்சிக்கும் ராண்டி கார்லைல் 2007-இல் அனஹைமுக்கும் பயிற்சியாளராகக் கோப்பை வென்றார்கள். களம் முழுவதையும் எதிரே வைத்து ஆடிப் பழகியவர்களுக்குப் பயிற்சி வேலை பொருந்துவது இயல்பு என்றுதான் நான் நினைக்கிறேன். ராப் பிளேக் லாஸ் ஏஞ்சலஸில் ஜெனரல் மேனேஜர் ஆனார். 1680 ஆட்டம் ஆடிய ஹாரா 2022-இல் ஓய்வு பெற்று, அடுத்த வருடமே பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தார்.

எல்லோருக்கும் இப்படி அமையாது. பாபி ஓருக்கு முழங்கால் போய் 30 வயதில் ஆட்டம் முடிந்தது, மொத்தமே 657 ஆட்டம். அவர் முழுசாக நம்பியிருந்த ஏஜென்ட் ஆலன் ஈகிள்சன் பின்னால் 1998-இல் மோசடி வழக்கில் தண்டனை பெற்றார். பாபி ஓர் தானே ஏஜென்ட் ஆகி இளம் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொண்டார். இன்னொரு டிஃபென்ஸ்மேன் ஸ்டீவ் மோன்டடார் 2015-இல் 35 வயதில் இறந்தார், அவருடைய மூளையைப் பரிசோதித்தபோது திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் சிடிஇ நோய் இருந்தது தெரியவந்தது. ஒருவருடைய பக்கத்தில் ‘மேல் உடல் காயம்’ என்று அடிக்கடி பார்த்தால் அது தலைக்காயமாகவும் இருக்கலாம், அணிகள் இப்படிப் பொதுவாகச் சொல்வதுதான் வழக்கம்.

பெரிய பெயர் இல்லாத ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால் கடைசி மூன்று நான்கு வருடங்களில் எந்த லீக்கில் ஆடினார் என்று பாருங்கள். ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி என்று இருந்தால் உடம்பு இன்னும் ஒத்துழைத்திருக்கிறது, என்எச்எல்லில் இடம்தான் கிடைக்கவில்லை. எந்த லீக்கும் இல்லாமல் சட்டென்று நின்றிருந்தால் அந்தக் கடைசி சீசனின் காயச் செய்திகளைத் தேடிப் படியுங்கள், மீதிக் கதை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.