டோக்கியோவில் வீடு எடுத்தவர்களுக்கு: தண்ணீர், அவல், கழிப்பறைப் பை

டோக்கியோவின் எடோகவா வார்டில், நம்மவர்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாய்க்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் கேட்பதெல்லாம் ஒரே மாதிரிதான். இட்லி அரிசி எங்கே கிடைக்கும், எந்த சிம் மலிவு, பிள்ளையை எந்தப் பள்ளியில் போடலாம். நிலநடுக்கத்துக்கு வீட்டில் என்ன எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் அபூர்வம். கேட்டாலும், ஊரில் அம்மா டிவியில் எதையாவது பார்த்துவிட்டு போனில் அழுத பிறகுதான் கேட்பார்கள். 2024 ஆகஸ்ட் 8 அன்று மியாசாகி பக்கம் கடலில் 7.1 அளவில் நடுங்கி, ஜப்பானின் தென்கரையை ஒட்டிக் கடலடியில் ஓடும் நான்காய் பள்ளத்தில் பெரிய நிலநடுக்கம் வரும் வாய்ப்பு கூடியிருக்கிறது என்று அரசு முதல் தடவையாக எச்சரிக்கை விட்டது. அன்றைக்கு அத்தனை பேரும் ஒன்றாகக் கேட்டார்கள். ஆனால் கடைகளில் தண்ணீர் அடுக்கும் தட்டு காலி. ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்று அட்டை மட்டும் தொங்கியது.

அதனால் வந்த மாதமே வாங்கி வையுங்கள்.

அலுவலக வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு எடுத்த 14 நாளுக்குள் முகவரி பதிய வார்டு அலுவலகம் போவீர்கள். அன்றே வெள்ள அபாய வரைபடத்தையும் பேரிடர் காலத் தங்குமிடப் பட்டியலையும் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். எடோகவா வார்டின் நிலத்தில் சுமார் 70 சதவீதம், கடல் ஏறும் நேரத்து நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019-இல் வெளியிட்ட வரைபடத்தில் வார்டுக்காரர்களே 'இங்கே இருக்கக் கூடாது' என்று அச்சடித்திருந்தார்கள். தரைத்தளத்தில் வீடு என்றால், சேமிப்பை மேலே வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்புயல் வரும்போது இந்தச் சேமிப்பை எல்லாம் விட்டுவிட்டுக் கிளம்பத்தான் வேண்டும், அதற்குத் தோளில் மாட்டும் ஒரு பை தனியாக இருக்கட்டும். கீழே நான் சொல்வதெல்லாம் நிலநடுக்கத்துக்கு, அதாவது கட்டடம் நிற்கிறது, நீங்கள் உள்ளேயே இருக்கிறீர்கள், குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை என்ற நிலைக்கு.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர். குறைந்தது 3 நாளைக்கு, முடிந்தால் ஒரு வாரத்துக்கு. நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு 84 லிட்டர் ஆகிறது. இங்கே 2 லிட்டர் பாட்டில் ஆறு போட்டுப் பெட்டியாக விற்பார்கள், அப்படி ஏழு பெட்டி. ஒரு பெட்டியே 12 கிலோ. லிஃப்ட் இல்லாத கட்டடமாக இருந்தால் ஏழையும் ஒரே நாளில் ஆர்டர் செய்யாதீர்கள், கொண்டு வருகிறவர் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் பாவம். எல்லாவற்றையும் ஒரே அறையில் அடுக்கவும் வேண்டாம். அலமாரி சாய்ந்து ஒரு கதவு அடைத்துக்கொண்டால் மொத்தமும் அந்தப் பக்கம் போய்விடும்.

ஒரு வாரம் எதற்கு, டோக்கியோவில் எல்லாம் ரெண்டு நாளில் சரி செய்துவிடுவார்களே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. 2024 ஜனவரி 1-ஆம் தேதி நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவில் வந்ததே, அங்கே 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் குழாய்த் தண்ணீர் வருவது நின்றது. வாஜிமா, சுஸு பக்கம் சில இடங்களில் குழாயில் தண்ணீர் வர மே மாதம் ஆனது. அது மலையும் கடலுமான கிராமப்புறம் என்று சொல்வீர்கள். சரி, 2019 அக்டோபர் புயலில் டோக்கியோவை ஒட்டிய கவாசாகியில் முசாஷி-கொசுகியின் அடுக்குமாடிக் கோபுரம் ஒன்றில் நிலத்தடி மின்சார அறைக்குள் தண்ணீர் புகுந்து கரன்ட் போனது. கரன்ட் போனால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் மேலே தண்ணீர் ஏறாது. தெருவில் போகும் குழாய் நன்றாக இருந்தாலும் பதினைந்தாம் மாடிக்காரருக்கு வறட்சிதான்.

கடையில் வாங்காமல் குழாய்த் தண்ணீரையே பிடித்து வைக்கலாமா என்றால், வைக்கலாம். சுத்தமான பாத்திரத்தில் காற்று இல்லாமல் கழுத்து வரை நிரப்பி இறுக மூடி, வெயில் படாமல் வைத்தால் 3 நாள் வரை குடிக்கலாம், ஃபிரிட்ஜில் வைத்தால் 10 நாள் வரை என்று டோக்கியோ குடிநீர்த் துறை சொல்கிறது. ஆனால் நம் வீடுகளில் கை தானாகச் செய்யும் காரியம் ஒன்று இருக்கிறது: கொதிக்க வைத்து ஆற வைத்து ஊற்றி வைப்பது. அதைச் செய்யாதீர்கள். கொதித்தால் குளோரின் போய்விடும், குளோரின் போனால் கிருமி வளரும். வடிகட்டி வழியாக வந்த தண்ணீருக்கும் இதே கதைதான். சேமிக்கிற தண்ணீரைப் பச்சையாகவே பிடியுங்கள், வேண்டுமானால் குடிக்கும்போது கொதிக்க வையுங்கள்.

கடைப் பாட்டிலின் தேதி தாண்டிவிட்டது என்று சாக்கடையில் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மூடி திறக்காத பாட்டிலில் அந்தத் தேதி பெரும்பாலும் அளவுக்கானது. பிளாஸ்டிக் வழியாகத் தண்ணீர் மெல்ல ஆவியாகி, அச்சடித்த அளவைவிடக் குறைந்துவிடும் என்பதால் போடுகிறார்கள். கைகால் கழுவவாவது வைத்துக்கொள்ளலாம்.

இனி நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான விஷயம்.

தண்ணீர் சேர்த்து வைப்பதை நமக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த 2019-ஐ சென்னையில் கழித்தவர்கள் நாம். குடம், டிரம், வாளி, கடைசியில் சாம்பார்ப் பாத்திரம் வரைக்கும் நிரப்பத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றினால் எங்கே போகும் என்று ஊரில் யோசித்திருக்கிறோமா? ஒரு வாளி ஊற்றினால் போய்விடும், அவ்வளவுதான்.

மதுரைக்கார நண்பர் ஒருவர் வடக்கே செண்டாய் நகரில் எட்டாவது மாடியில் குடியிருந்தார். 2022 மார்ச் 16, இரவு 11:36-க்கு ஃபுகுஷிமா கடலில் 7.4 அளவில் வந்தது. ஷின்கான்சென் அதிவேக ரயில் ஒன்று ஷிரோய்ஷி பக்கம் தடம் புரண்டது அன்றைக்குத்தான். அவர் கட்டடத்தில் குழாயில் தண்ணீர் வருவது நின்றது. அவருக்குக் கவலையே இல்லை. குடிக்கப் பெட்டி பெட்டியாக இருந்தது. குளியல் தொட்டியிலும் முந்தின இரவுத் தண்ணீரைத் திறந்துவிடாமல் வைத்திருந்தார், அதுவும் இங்கே பலர் சொல்லும் யோசனைதான். ஊரில் செய்வது போல வாளியில் மொண்டு கழிவறையில் ஊற்றினார்கள். மனைவி பாத்திரம் கழுவி சிங்க்கில் கொட்டினார். எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று ஊருக்குப் போன் செய்து பெருமையாகவும் சொன்னார்கள்.

அடுத்த நாள் ஏழாம் மாடி அம்மாள் வந்து மணி அடித்தார். அவர் வீட்டுக் கழிவறைக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. என்ன சொட்டியது என்று நான் எழுதத் தேவையில்லை. ஆட்டத்தில் சுவருக்குள் கழிவுக் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. மேலே ஊற்றியதெல்லாம் குழாயில் இறங்காமல் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. குழாயைச் சோதித்து முடிக்கும் வரை யாரும் எதையும் வடிக்கக் கூடாது என்று நுழைவாயிலில் கட்டட நிர்வாகம் அன்று காலையிலேயே அறிவிப்பு ஒட்டியிருந்தது, ஜப்பானிய மொழியில் மட்டும். அதற்குப் பக்கத்திலேயே சைக்கிள் நிறுத்தும் அறிவிப்பு மூன்று மொழியில் இருந்தது. இந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

குழாயைக் கட்டடச் செலவில் சரி செய்தார்கள். கீழ் வீட்டுக் கூரை, சுவர்த்தாள், அலமாரியில் இருந்த ஃபுத்தோன் மெத்தைகள் ஆகியவற்றில் ஒரு பங்கு இவர் தலையில் விழுந்தது. வாடகை வீட்டுக் காப்பீட்டில் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கும் ஈடு உண்டு என்று நம்பிக் கேட்டார். நிலநடுக்கத்தால் வந்த சேதம் அதில் சேராது என்று பதில் வந்தது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இந்த வரி இருக்கும். உங்களுடையதையும் எடுத்துப் பாருங்கள். பணத்தைத் தவணையில் கட்டி முடித்தார். இனிப்பு டப்பாவோடு மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்த அம்மாள் குனிந்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அதன் பிறகு லிஃப்டில் பார்த்தால் வணக்கம் மட்டும்தான்.

ஆகவே அடுக்குமாடியில் இருந்தால், பெரிய ஆட்டத்துக்குப் பிறகு நிர்வாகம் சரி என்று சொல்லும் வரை கழிவறை, சிங்க், குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம் எதிலும் ஒரு சொட்டு ஊற்றாதீர்கள். குழாயில் தண்ணீர் வந்தாலும்தான். தண்ணீர் மேலே வருவதும் கழிவு கீழே போவதும் வேறு வேறு குழாய்.

அப்படியானால் என்ன செய்வது? அவசரக் கழிப்பறைப் பை வாங்க வேண்டும். ஹோம் சென்டரிலும் ஆன்லைனிலும் 50, 100 என்று டப்பாவாகக் கிடைக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 என்பது கணக்கு. நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கு 140. தண்ணீருக்கு ஆகும் செலவைவிட இதற்கு அதிகம் ஆகும், பரவாயில்லை. முதலில் ஒரு பெரிய குப்பைப் பையைக் கோப்பைக்குள் விரித்து, இருக்கையைக் கீழே இறக்கிவிடுங்கள். அது அடிப்பை, அப்படியே இருக்கும், கோப்பையில் நிற்கும் தண்ணீர் மேல்பையை நனைக்காது. அதன் மேல் கழிப்பறைப் பையை விரித்து, முடித்ததும் டப்பாவில் கூடவே வரும், ஈரத்தைக் கெட்டியாக்கும் பொடியைத் தூவி, அந்த மேல்பையை மட்டும் கட்டி எடுங்கள். குப்பை வண்டி சில நாள் வராது, எனவே நாற்றம் வெளியே வராத பைகளும் மூடி உள்ள டப்பா ஒன்றும் வேண்டும், பால்கனியில் வைக்கலாம்.

இதில் ஜப்பானியக் கையேடுகள் சொல்லாத ஒன்று உண்டு. நமக்குக் கழுவ வேண்டும். அந்த 3 லிட்டரில் இது இல்லை. இங்கே எல்லோரும் பழகிப்போன பீய்ச்சும் இருக்கை, கரன்டும் தண்ணீரும் இல்லாவிட்டால் வெறும் இருக்கை. சரி, சொம்பில் ஊற்றிக்கொள்ளலாம் என்றால், அந்தத் தண்ணீர் முழுக்கப் பைக்குள் போகும். பொடி கொஞ்ச அளவைத்தான் கெட்டியாக்கும். ஒரு சொம்பு போனால் பை கனத்து, கட்டும்போது சிந்தும். பயணத்துக்கென்று கையால் அழுத்திப் பீய்ச்சும் சின்ன பாட்டில் விற்கிறார்கள், ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். ஈரத் துடைப்பான் பொட்டலங்களும் கூடவே. வீட்டில் அப்பா அம்மா வந்து தங்கியிருந்தால் இதை முன்கூட்டியே ஒரு தடவை செய்து பழக்கிவிடுங்கள். சங்கடம்தான், ஆனால் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் சொல்லிக் கொடுப்பது அதைவிடச் சங்கடம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பேரிடர்க் கடைகளில் உலர்த்திய சோறு பொட்டலத்தில் கிடைக்கும். வெந்நீர் ஊற்றினால் 15 நிமிடம், பச்சைத் தண்ணீர் என்றால் ஒரு மணி நேரம், 5 வருடம் கெடாது. சைவக்காரர்கள் வெள்ளைச் சோற்றை மட்டும் எடுங்கள். காய்கறிப் படம் போட்ட வகைகளிலும் மீன் சாறோ கோழிச் சாறோ இருக்கும், பின்பக்கத்தை போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். என்னைக் கேட்டால் அவல் போதும். இதற்கென்றே செய்தது போல ஒரு பொருள் நம்மிடம் இருக்க, பிஸ்கட் டப்பாவைத் தேடி ஓடுவானேன்? கெட்டி அவலைப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து, பருப்புப் பொடியும் எண்ணெயும் ஊற்றினால் ஒரு வேளை முடிந்தது. பொட்டுக்கடலை, சத்துமாவு, வெல்லம், ஊறுகாய். தனியாக ஒதுக்கி வைத்தால் வண்டு வரும், அதனால் வழக்கமாக வாங்குவதில் ஒரு பொட்டலம் அதிகமாக வாங்கி, பழையதை முதலில் தின்றுகொண்டே வாருங்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு: கலக்கத் தேவையில்லாத திரவப் பால் 2019 முதல் கிடைக்கிறது.

கேஸ் அடுப்பு எரியவில்லை என்றால் பதற வேண்டாம். ஷிண்டோ 5 அளவு ஆட்டம் வந்தால் (ஷிண்டோ என்பது நீங்கள் இருக்கும் இடத்தில் எவ்வளவு ஆடியது என்று சொல்லும் ஜப்பானிய அளவுகோல், மேலே சொன்ன 7.1, 7.6 போன்றது அல்ல) வீட்டு மீட்டர் தானாக மூடிக்கொள்ளும். வாசனை எதுவும் இல்லை என்றால், எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்தி 3 நிமிடம் பொறுங்கள், திரும்ப வரும். குழாயே உடைந்திருந்தால் வராது, அதற்குக் கையடக்க கேஸ் அடுப்பும் சிலிண்டர்களும் வேண்டும். அதில் பெரிய தோசைக்கல்லை மட்டும் வைக்காதீர்கள். கல் சிலிண்டர் இருக்கும் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சூட்டில் சிலிண்டர் வெடிக்கும்.

டோக்கியோவில் சுமார் 2 கிலோமீட்டருக்குள் ஓர் அவசரக் குடிநீர் நிலையம் இருக்கும். பள்ளி, பூங்கா, நீர்த்தேக்கம் என்று எங்காவது. எது உங்களுக்கு அருகில் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். பாத்திரம் நாம்தான் கொண்டுபோக வேண்டும். மடக்கும் தண்ணீர்ப் பை இங்கே மலிவாகக் கிடைக்கும், ஆனால் எங்கள் கட்டடத்தில் ஓர் அக்கா ஊரிலிருந்து பிளாஸ்டிக் குடம் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இடுப்பில் வைத்துப் படி ஏறுவதில் அவரை எந்த ஜப்பான்காரரும் அடிக்க முடியாது.

பணம் அதிகம் ஆகிறதே என்றால், மார்ச் மாதம் ஊர் திரும்பும் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை விற்கும். தண்ணீர்ப் பெட்டி, கழிப்பறைப் பை, கேஸ் சிலிண்டர் எல்லாம் பாதி விலைக்கு வரும், சிலர் சும்மாவே கொடுப்பார்கள், சிலிண்டரை விமானத்தில் கொண்டுபோக முடியாதல்லவா. சிலிண்டருக்கு சுமார் 7 வருடம்தான் ஆயுள், தயாரித்த தேதி அடியில் இருக்கும். அதைப் பார்த்து, துரு இருக்கிறதா என்றும் தடவிப் பார்த்து வாங்குங்கள்.