கட்-ஆஃப் இல்லாத ஊர்: உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளையோடு அமெரிக்கா வருபவர்களுக்கு

"நல்ல காலேஜுக்கு எஸ்ஏடி-யில் எவ்வளவு எடுக்கணும்?" புதிதாக வந்தவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், சாம்பார் வருவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். எஸ்ஏடி என்பது இங்கே கல்லூரியில் சேர எழுதும் 1600 மதிப்பெண் தேர்வு. நானும் வந்த புதிதில் கேட்டவன்தான். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குக் கட்-ஆஃப் என்றே பழகியவர்களுக்கு வேறெப்படிக் கேட்கத் தோன்றும்? ஆனால் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. 1600க்கு 1600 வாங்கியும் இடம் கிடைக்காத பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

அங்கே முதலில் எடுத்துப் பார்ப்பது டிரான்ஸ்கிரிப்டை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எந்தெந்தப் பாடம் எடுத்தான், ஒவ்வொன்றிலும் என்ன கிரேடு என்ற முழுப் பட்டியல் அது. நாங்கள் வந்தபோது மகன் ஒன்பதாம் வகுப்பு. பொதுத் தேர்வு இல்லாத வருஷம்தானே, ஊர் பழகட்டும் என்று விட்டுவிட்டோம். வீட்டுப்பாடத்தைக் கொடுக்காமல் விட்டால் பூஜ்யம் போடுவார்கள், அது கிரேடில் சேரும் என்பதே எங்களுக்குத் தெரியாது. பரீட்சைகளில் எல்லாம் 90க்கு மேல், கையில் வந்ததோ 'பி'. அந்த 'பி' பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை கூடவே வந்தது.

ஜிபிஏ என்பது ஏ-க்கு 4, பி-க்கு 3 என்று போட்டு எடுக்கும் சராசரி. ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்), ஹானர்ஸ் போன்ற கடினமான பாடங்களுக்குப் பல பள்ளிகள் கூடுதல் புள்ளி தருவதால் சிலருக்கு 4.5 கூட வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் 4.6ஐக் கேட்டு மிரள வேண்டாம். பள்ளிக்குப் பள்ளி கணக்கு மாறும், பல கல்லூரிகள் தங்கள் முறைப்படி திரும்பவும் போட்டுப் பார்க்கும். விண்ணப்பத்தோடு உங்கள் பள்ளியைப் பற்றிய குறிப்பு ஒன்றும் போகிறது. அங்கே எத்தனை ஏபி பாடங்கள் உண்டு என்பது அதில் இருக்கும். ஐந்து ஏபி மட்டுமே உள்ள பள்ளியில் நான்கு எடுத்தவனையும், இருபது உள்ள பள்ளியில் நான்கு எடுத்தவனையும் ஒரே தராசில் வைக்க மாட்டார்கள்.

அதனால்தான் பள்ளியில் சேர்க்கும் முதல் வாரம் முக்கியம். கவுன்சலிங் என்றால் நமக்கு அண்ணா பல்கலைக்கழகம்தான் ஞாபகம் வரும். இங்கே கவுன்சலர் என்பவர் பள்ளியிலேயே இருந்து பாடம் ஒதுக்குபவர், பிற்பாடு கல்லூரிக்குப் பரிந்துரை எழுதுபவரும் அவர்தான். கணக்கில் வழக்கமான வரிசை அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கால்குலஸ். ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1ல் உட்கார வைத்தால், வருஷத்துக்கு ஒன்றாகப் போனால் கால்குலஸைத் தொடுவதற்குள் பள்ளியே முடிந்துவிடும். பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு அது பெரிய குறை. ஊரில் படித்த பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் கையோடு கொண்டுபோய், எந்த நிலைப் பாடத்தில் சேர்ப்பது என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட் வையுங்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. கேட்காதவர்களைத்தான் கீழே போட்டுவிடுவார்கள்.

பத்தாம் வகுப்பை ஊரில் முடித்து வருபவர்களுக்கு இன்னொன்று. நம்மூரில் 82 நல்ல மதிப்பெண். இங்கே பல பள்ளிகளில் 90க்கு மேல்தான் ஏ. அந்த மதிப்பெண்ணை எப்படிப் பதிவு செய்யப்போகிறார்கள் என்று சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, எஸ்ஏடி எங்கே வருகிறது? கொரோனா சமயத்தில், 2020ல், பெரும்பாலான கல்லூரிகள் அதைக் கட்டாயமில்லை என்று தளர்த்தின. எம்ஐடி 2022லேயே திரும்பக் கேட்டது, கணக்கில் தாக்குப்பிடிப்பானா என்று தெரிய அது உதவுகிறது என்று சொல்லி. 2024ல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு எல்லாம் அதே வழிக்கு வந்தன. யேல், எஸ்ஏடிக்குப் பதிலாக ஏபி தேர்வு மதிப்பெண்ணையும் ஏற்கிறது. டார்ட்மத் ஆய்வில் தெரிந்த ஒரு விஷயம் நமக்கும் பொருந்தும்: வசதி குறைந்த பிள்ளைகள், தங்களுக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய மதிப்பெண்ணைக்கூடக் குறைவு என்று நினைத்து அனுப்பாமல் விட்டிருந்தார்கள். மதிப்பெண்ணையும் பள்ளியின் பின்னணியில் வைத்துத்தான் படிப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

குடியேறும் மாநிலத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது பெர்க்லி, யுசிஎல்ஏ வகையறா, சேர்க்கையில் எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. ஜிபிஏவையும் பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை வைத்தே போடுகிறது. ஒன்பதில் சறுக்கியவர்களுக்கு இது ஆறுதல். டெக்சஸில் 1997ல் வந்த சட்டப்படி, பள்ளித் தரவரிசையில் முதல் 10 சதவீதத்தினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. கூட்டம் தாங்காமல் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் அது சுருங்கிச் சுருங்கி, 2026ல் சேர்பவர்களுக்கு 5 சதவீதமாகிவிட்டது. அப்படி இடம் கிடைத்தாலும் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. பேர்பெற்ற பள்ளி இருக்கிற ஏரியா என்று கூடுதல் விலைக்கு வீடு வாங்கி, அங்கே தன்னைப் போலவே படிக்கிற நூறு பிள்ளைகளுக்கு நடுவில் தரவரிசைக்கு மல்லுக்கட்டும் குடும்பங்களை அங்கே பார்க்கலாம். எனக்கென்னவோ அது கைக்காசைப் போட்டுப் போட்டியை வாங்குவதாகத்தான் படுகிறது.

ஒரு கல்லூரி எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்று தெரிய ஏஜென்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடுங்கள். அதில் சி7 என்ற பகுதியில் பாடங்களின் கடினம், ஜிபிஏ, தேர்வு மதிப்பெண், கட்டுரை என ஒவ்வொன்றும் 'மிக முக்கியம்' தொடங்கி 'பார்ப்பதில்லை' வரை எந்தப் படியில் இருக்கிறது என்று அவர்களே குறித்திருப்பார்கள். எஸ்ஏடி கட்டாயமில்லாத இடங்களின் சராசரியை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்தான் அனுப்புவார்கள் என்பதால் அது ஏறித்தான் தெரியும்.

எஸ்ஏடி பயிற்சிக்கு, அந்தத் தேர்வை நடத்துபவர்களின் புளூபுக் செயலியும் கான் அகாடமி இணையதளமும் இலவசம். பதினொன்றாம் வகுப்பு மார்ச்சில் ஒரு தடவை, குறைந்தால் ஆகஸ்டில் இன்னொரு தடவை. பல கல்லூரிகள் இரண்டிலும் பகுதிவாரியாக எது அதிகமோ அதை எடுத்துக் கூட்டிக்கொள்ளும். ஐந்தாறு தடவை எழுத வைத்துப் பிள்ளையைப் படுத்தாதீர்கள், அந்த நேரத்தில் வேதியியல் வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுக்கட்டும்.