கட்டிலருகே ஸ்கேன்: படம் சரி, கேள்விதான் பிழை

கொழுந்து பறிக்கப் போன அம்மா ஒருவரை, குளவி கொட்டி மூச்சு வாங்க, பிரஷர் விழுந்த நிலையில் தூக்கி வருகிறார்கள். மலையகத்தில் வேலை செய்கிற எந்த வைத்தியருக்கும் இது புதிதல்ல. அந்த நேரத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷினைத் தேடி ஓடுவதுதான் முதல் பிழை. தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் முதலில் போகட்டும். சேலைன் ஓடத் தொடங்கிய பிறகு இதயத்தைப் பார்க்கலாம்.

உடம்பின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப் பெருநாளம் ஸ்கேனில் மெலிந்திருந்தால் சேலைன், பருத்திருந்தால் நிறுத்து என்று வாய்ப்பாடு ஒப்பிப்பவர்கள் நம்மில் ஏராளம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நெஞ்சறை அழுத்தத்தாலேயே அது பருத்துத் தெரியும். ஆஸ்துமாவில் இழுத்து இழுத்து மூச்சு விடுபவருக்கோ, உடம்பில் நீர் போதுமாக இருந்தாலும் சுருங்கும். இதயத்தையும் நுரையீரலையும் பார்க்காமல் அந்த நாளத்தை மட்டும் நம்புவது சோதிடம் பார்ப்பது போலத்தான்.

மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்ட கையோடு, மூச்சுக்கு ஏற்ப நெஞ்சுச் சுவரில் நுரையீரல் வழுக்கும் அசைவை இடது பக்கத்தில் காணவில்லையா? உடனே காற்றை வெளியேற்ற ஊசி குத்தப் போகாதீர்கள். நெஞ்சறைக்குள் காற்று என்பது ஒரு காரணம் மட்டுமே. டியூப் ஆழமாக இறங்கி வலது மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தாலும் இப்படித்தான் தெரியும். பழைய காசநோயால் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப்போனவர்களுக்கும் அசைவு இருக்காது. இதயத் துடிப்புக்கு ஏற்ப அந்த இடம் நடுங்கினால் அங்கே காற்று இல்லை. டியூப் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று பாருங்கள். ஆழமென்றால் சற்று வெளியே இழுத்துவிட்டு மறுபடி வையுங்கள். வழுக்கும் இடமும் வழுக்காத இடமும் சந்திக்கும் புள்ளி கண்ணில் பட்டால் மட்டும் காற்று என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஸ்கேனுக்குத் தோலில் தடவும் ஜெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் விடியற்காலை ஜெல் பனிக்கட்டி மாதிரி இருக்கும். நோயாளி நடுங்கினால் படமும் நடுங்கும். அதற்காகப் போத்தலைச் சுடுநீரில் ஊறப்போடாதீர்கள், கிருமி பெருகும். தேவையானதை உள்ளங்கையில் எடுத்துச் சூடாக்கினால் போதும். ஆனால் கழுத்து நாளத்தில் லைன் (மருந்து செலுத்தும் குழாய்) போடுவது போன்ற, ஊசி குத்தும் வேலைகளுக்குக் கிருமிநீக்கிய ஜெல்தான் வேண்டும்.

எனக்கு மிகவும் பயம் தருவது விபத்துக் கேஸ்கள். ஆட்டோ பள்ளத்தில் கவிழ்ந்து வந்தவரைப் பார்த்துவிட்டு, “சேர், வயித்துல ஒன்னுமில்ல” என்பார் இளையவர். கொஞ்சமாகக் கசிந்த இரத்தம் ஸ்கேனில் தெரியாது. வயிற்றுக்குப் பின்புறம் கட்டும் இரத்தம் பெரும்பாலும் அகப்படவே அகப்படாது. மண்ணீரலைப் பார்க்கும்போது புரோபை (உடம்பில் வைக்கும் ஸ்கேன் கருவியை)ப் பிடித்த கை கட்டில் விரிப்பில் முட்டுமளவுக்குப் பின்னால் போகவேண்டும். பலர் முன்னாலேயே நின்றுவிடுகிறார்கள். ஹற்றனிலிருந்து கினிகத்தேனை வளைவுகளைக் கடந்து கண்டி போய்ச் சேருவதற்குள் கசிவு பெருகலாம். அம்புலன்சில் ஏற்றுமுன் இன்னொரு தடவை பாருங்கள். பெட் ஹெட் டிக்கெட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில்) “ஸ்கேன் நோர்மல்” என்று மொட்டையாக எழுதாமல், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், எந்த இடம் சரியாகத் தெரியவில்லை என்பதையும் எழுதுங்கள். அங்கே பொறுப்பேற்கும் வைத்தியர் அடுத்த ஸ்கேனை அதோடுதான் ஒப்பிடுவார்.