தொகுப்புத் தளம் தொடங்க எந்த பிளாட்ஃபார்ம்?

"வேர்ட்பிரஸா, பிளாகரா?" என்ற கேள்வியோடுதான், ஒரு துறையின் நல்ல இணைப்புகளைப் பொறுக்கி ஓரிடத்தில் வைக்கும் தொகுப்புத் தளம் தொடங்க நினைக்கும் எல்லோரும் வருகிறார்கள். இரண்டும் இணையதளம் அமைக்க உதவும் பிளாட்ஃபார்ம்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நூற்றைம்பது பதிவு ஏற்றிய பிறகு, தேர்வு தப்பு என்று தெரிந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வேறிடத்துக்கு மாற்றினேன். தப்பு என்னுடையது. என்ன வைக்கப் போகிறோம் என்று பார்க்காமலே பாத்திரம் வாங்கிவிட்டேன்.

அதனால் முதல் படியில் பிளாட்ஃபார்ம் பக்கமே போக வேண்டாம். ஒரு விரிதாளைத் திறந்து, தளத்தில் வைக்க நினைக்கும் முப்பது இணைப்புகளை எழுதுங்கள். வானியல் தொகுப்பு என்றால் ஒரு வரி இப்படி இருக்கும்:

தலைப்பு: வியாழனின் நிலவுகளைப் பைனாகுலரில் பார்ப்பது
வகை: காணொளி
பிரிவு: கோள்கள்
யாருக்கு: புதியவர்
என் குறிப்பு: முதல் மூன்று நிமிடத்தைத் தாண்டிவிடலாம், முக்காலி பற்றிச் சொல்லும் இடம் அருமை
சரிபார்த்த நாள்

இதில் 'என் குறிப்பு' இல்லையென்றால் தளமே தேவையில்லை. இணைப்புகளைத் தானாக அள்ளிப்போடத் திரட்டிகள் இருக்கின்றன. நம்மிடம் வருகிறவர் நாம் பொறுக்கித் தருவதற்காக வருகிறார். இணைப்புகள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும் என்பதால் கடைசி வரியும் அவசியம்.

முப்பது முடிந்ததும் இரண்டாம் படி. வாசகர் எப்படித் தேடுவார்? புதியது மேலே, பழையது கீழே என்று வரிசையாகப் படித்தால் போதும் என்றால் பிளாகரே தாராளம். 'புதியவருக்கான, கோள்கள் பற்றிய, காணொளி மட்டும்' என்று குறுக்கும் நெடுக்குமாக வடிகட்ட வேண்டுமென்றால் அங்கே சிக்கல். பிளாகரில் இருப்பது லேபிள் மட்டும்தான். 'காணொளி'யும் 'கோள்க'ளும் 'புதியவ'ரும் ஒரே குவியலில் கிடக்கும்.

வேர்ட்பிரஸில் வகை, குறிச்சொல் இரண்டோடு நாமே புதுப் பகுப்புகளையும் உருவாக்கலாம். 2010இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து 'இணைப்பு' என்று தனிப் பதிவு வகையே வைத்துக்கொள்ளலாம். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு அதற்கான பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) உண்டு. ஒன்று கவனம்: வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அவர்களே நடத்தித் தரும் சேவை. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது மென்பொருளை இறக்கி, நாமே ஹோஸ்டிங் (தளத்தை வைக்க சர்வரில் வாடகை இடம்) எடுத்து நிறுவுவது. அப்டேட்டும் பேக்கப்பும் அப்புறம் நம் தலையில்.

வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் தொகுப்பு அனுப்புவதுதான் முக்கியம் என்றால் கோஸ்ட் பாருங்கள். கமாண்ட் லைன் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்குவது) பயம் இல்லாதவர்களுக்கு, கோப்புகளிலிருந்து தளத்தின் பக்கங்களை ஆக்கித் தரும் ஹியூகோ, இலெவன்டி போன்ற மென்பொருள்கள். டேட்டாபேஸ் கிடையாது, நம் விரிதாளை சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்துக் கொடுத்தால் அதிலிருந்தே பக்கங்களை உருவாக்க வைக்கலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் முதல் தளத்துக்கு இதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சரி, பிளாட்ஃபார்ம் பட்டியல் இரண்டாகச் சுருங்கியிருக்கும். இரண்டிலும் பத்துப் பத்து வரிகளை ஏற்றிப் பாருங்கள், அதில் பாதியையாவது போனிலிருந்து. ஒரு இணைப்பைச் சேர்க்கவே ஐந்து நிமிடம் பிடித்தால் இரண்டாவது மாதம் கை ஓய்ந்துவிடும். தீம், நிறம் எல்லாம் அப்புறம்.

அந்தப் பத்து வரியோடு வெளியே வரும் வழியையும் சோதித்துவிடுங்கள். இலவசமாகத் தளம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடியது, தளங்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013இல். எதுவும் மூடலாம். ஏற்றுமதிப் பொத்தானை அழுத்தி, வரும் கோப்பைத் திறந்து உங்கள் குறிப்புகள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேர்ட்பிரஸ் தரும் எக்ஸ்எம்எல் கோப்பில் படங்கள் இருக்காது, அவற்றின் முகவரிகள்தான் இருக்கும். படங்களைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

கடைசியாக, தமிழில் தளம் நடத்துகிறவர்களைக் கடிக்கும் ஒரு விஷயம்: பக்க முகவரி. தமிழ்த் தலைப்பு கொடுத்தால் பிளாகர் முகவரியில் 'பிளாக் போஸ்ட்' என்று பொதுவாகப் போட்டுவிடும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும். ஆனால் நகலெடுத்து ஒட்டினால் பெரும்பாலும் சதவீதக் குறிகளாக நீளும். 'வானியல்' என்ற ஒரு சொல்லே, %, எழுத்து, எண் எல்லாம் சேர்த்து, 63 இடம் பிடிக்கும். வேர்ட்பிரஸில் வரம்பு 200 இடம் என்பதால் நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்படும். எனவே முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில், இரண்டு மூன்று சொற்களில் நீங்களே கொடுங்கள். சொந்த டொமைனையும் முதல் பதிவுக்கு முன்பே வாங்கி இணைத்துவிடுங்கள். பிறகு மாற்றினால் பழைய முகவரிகளுக்கு 301 திசைமாற்று (பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு) போட வேண்டியிருக்கலாம். நூற்றைம்பதுக்குப் போட்டவன் சொல்கிறேன்.