பழைய ஜாதகத்தில் இருப்பது எந்தக் கடிகாரத்தின் மணி?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆறேழு பேர் ஜாதகம் கணிக்கக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். அயனாம்சத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். ஆனால் தாத்தா, பாட்டி ஜாதகத்தைக் கையில் கொடுத்தால், நான் முப்பது வருஷத்துக்கு முன்னால் விழுந்த அதே பள்ளத்தில் ஒவ்வொருவராக விழுகிறார்கள். அப்படி ஒருவர் விழுந்தது ஒரு குடும்பத்தையே கலங்கடித்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

காலையை மாலையாக அடிப்பது, ஊர்ப் பெயரை மாற்றித் தேர்ந்தெடுப்பது போன்றவற்றை நான் தொடப்போவதில்லை. இரண்டாவது ஜாதகத்திலேயே அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். கணக்கு முழுக்கச் சரியாக இருந்து, ஆரம்பத்தில் எடுத்த மணி மட்டும் தப்பாக இருப்பதுதான் கண்ணில் படாது.

காலை 6 மணியை உதயம் என்று வைத்துக்கொள்வது

உதயாதி நாழிகை என்றால் அந்த ஊரில், அந்த நாளில் சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுவது. ஒரு நாழிகை 24 நிமிடம், அதில் அறுபதில் ஒரு பங்கு விநாழிகை. சென்னையில் மே மாதக் கடைசியில் 5.42-க்கே உதயம், ஜனவரி மாதக் கடைசியில் 6.35. எல்லா நாளுக்கும் 6 மணி என்று வைத்தால் தை மாதத்துக் குழந்தைக்கு ஒன்றரை நாழிகை வரை பிசகும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நாழிகைக்கு அரசாங்க உத்தரவு எதுவும் கிடையாது. கடிகாரத்தை யார் முன்னால் தள்ளினாலும் பின்னால் இழுத்தாலும் சூரியன் அதற்கு உட்படாது. அடுத்து வரும் விஷயத்துக்கு இதுதான் பிடி.

யுத்த கால ஒரு மணி நேரம்

1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 14 முடிய, இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டி, இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் இருந்தது ஆறரை மணி ஆயிற்று. தமிழ்க் கணக்கில் சித்திரபானு ஆவணியிலிருந்து பார்த்திப புரட்டாசி வரை. இந்த மூன்று வருஷத்துக்குள் பிறந்தவர்களுக்குக் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிக்க வேண்டும். இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, என்னிடம் வருபவர்களும் ஒப்பிக்கிறார்கள். தவறு அதற்குப் பிறகுதான் நடக்கிறது.

2024-ல் ஒரு பெரியவருக்குச் சதாபிஷேகம் செய்ய நாள் பார்த்தார்கள். தாரண வருஷம் (1944-45), திருவல்லிக்கேணியில் பிறந்தவர். குடும்பத்துக்குத் தெரிந்த பையன், என்னிடம் இரண்டு வருஷம் படித்தவன், பழைய குறிப்பை வாங்கிப் பார்த்தான். ‘இரவு மணி 12.25’ என்று இருந்தது. யுத்த காலம் என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஒரு மணி நேரத்தைக் கையால் கழித்து, முந்தின தேதி இரவு 11.25 என்று ஜாதகம் கணிக்கும் ஆப்பில் அடித்தான். பிறந்த ஊர் சென்னை என்று கொடுத்ததும், அந்த ஆப் தன் பங்குக்கு இன்னொரு மணி நேரத்தைக் கழித்துவிட்டது. ஆக அது ஜாதகம் போட்டது இரவு 10.25-க்கு. அன்றைக்குச் சந்திரன் திருவோணத்துக்குள் நுழைந்ததே 10.50-க்கு மேல். திரையில் உத்திராடம் என்று வந்தது.

பையன் அதை நம்பினான். “மாமா, உங்க நட்சத்திரம் திருவோணம் இல்லை, உத்திராடம்” என்று சொல்லியும்விட்டான். சதாபிஷேகம் ஜன்ம நட்சத்திரத்தன்று என்பதால், அதை வைத்து ஒரு நாள் முன்னதாக நங்கநல்லூரில் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று. அப்புறம்தான் பெரியவர் எனக்குப் போன் செய்தார். மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பார்த்தசாரதி சன்னிதியிலே இத்தனை வருஷமா திருவோணம்னு சொல்லித்தானே அர்ச்சனை பண்ணிண்டு வரேன். அத்தனையும் தப்பாப்பா?” என்று கேட்டார். எண்பது வயசுக்காரரின் குரல் அப்படி நடுங்கியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பணம் போனால் போகிறது. ஒரு மனுஷனுக்கு அவர் நட்சத்திரத்தின் மேலேயே சந்தேகம் வரும்படி செய்துவிட்டோமே!

குறிப்பை வாங்கிவரச் சொல்லிப் பார்த்தேன். மணிக்குக் கீழேயே, மசி மங்கிப் போயிருந்தாலும் தெளிவாக, ‘உதயாதி நாழிகை 43 விநாழிகை 40’ என்று எழுதியிருந்தது. மணி இருக்கும்போது நாழிகை எதற்கு என்று பையன் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறான். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சென்னையில் உதயம் 5.57. 43 நாழிகை 40 விநாழிகை என்பது 17 மணி 28 நிமிடம். இரண்டையும் கூட்டினால் இரவு 11.25. குறிப்பில் இருக்கும் 12.25 யுத்த கால மணிதான், ஒரே ஒரு முறை கழித்தால் போதும் என்பது அங்கேயே தீர்ந்துவிட்டது. 12.25 ஏற்கெனவே திருத்திய மணியாக இருந்திருந்தால் நாழிகை 46-10 என்று இருக்க வேண்டும். பையன் போட்ட 10.25 சரியென்றால் 41-10. ஒரு மணிக்கு இரண்டரை நாழிகை. மூன்றில் எது என்பது ஐந்து நிமிஷ வேலை. பெரியவருக்குத் திருவோணமேதான். மண்டபத்தில் மறுநாள் காலி இல்லை. வேறு இடம் பிடித்துச் செய்தார்கள்.

இதே பள்ளத்தின் மறுபக்கத்தில் நான் விழுந்திருக்கிறேன். பரணியில் பிறந்த ஒரு அம்மாள், சுபானு வருஷம் (1943-44). பரணிக்குப் பிறப்பில் நடப்பது சுக்ர தசை. நான் கழிக்கவே இல்லை. ஒரு மணி நேரத்தில் சந்திரன் அரைப் பாகைக்குக் கொஞ்சம் மேலே நகரும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் சுக்ர தசை 20 வருஷம், ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை. கணக்குப் பார்த்தால் தசா இருப்பில், அதாவது பிறந்தபோது அந்தத் தசையில் மீதி இருக்கும் காலத்தில், சுமார் பத்து மாதம் அடிபடுகிறது. கர்ப்பச் செல் (பிறக்கும் முன்பே கழிந்த பகுதி) போக நின்ற இருப்பு தப்பானால் அதற்குப் பின்னால் வரும் எல்லாத் தசையும் அதே பத்து மாதம் முந்திக்கொள்ளும். பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் புள்ளியான லக்னமும் ஏறக்குறைய பதினைந்து பாகை, அதாவது அரை ராசி தள்ளிப்போகும். அந்த அம்மாளுக்கு நான் சொன்ன காலம் ஒன்றுகூட ஒத்து வரவில்லை. என் ஆசான் கட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: “இது எந்தக் கடிகாரம்?”

ஆகவே யுத்த காலத்து ஜாதகம் வந்தால் முதலில் உங்கள் ஆப்பைச் சோதியுங்கள். 1943-ல் ஏதாவது ஒரு தேதியைக் கொடுத்து, நேர மண்டலம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 6.30 என்றால் தாளில் உள்ள கடிகார மணியை அப்படியே அடியுங்கள், கையால் கழிக்க வேண்டாம். 5.30 என்றால் நீங்கள்தான் கழிக்க வேண்டும். பகல் 12-ஐயும் நள்ளிரவு 12-ஐயும் ஒட்டிய மணியாக இருந்தால் இன்னும் கவனம். நள்ளிரவு தாண்டியதைக் கழிக்கும்போது ஆங்கிலத் தேதியும் ஒன்று குறையும்.

கம்ப்யூட்டர்களில் பொதுவாகப் பயன்படும் நேர மண்டலப் பட்டியலில் இந்தியா முழுவதுக்கும் ‘ஆசியா/கொல்கத்தா’ என்று ஒரே தலைப்புதான். அதில் 1941 அக்டோபர் 1 முதல் 1942 மே 15 வரைகூட ஒரு மணி கூட்டியதாக இருக்கிறது. நாம் படிக்கிற ஜோதிட நூல்கள் 1942 செப்டம்பரிலிருந்துதான் சொல்கின்றன. அந்த ஏழரை மாதத்தில் சென்னையில் பிறந்தவர் என்றால் ஆப் சொல்வதை எடுத்துக்கொள்ளாமல், நாழிகையை வைத்தோ லக்னத்தை வைத்தோ சரிபார்த்த பிறகே தொடருங்கள்.

நாழிகை எழுதாத குறிப்பு என்றால் வீட்டில் கேளுங்கள். எங்கள் பாட்டி கடைசி வரை ‘பழைய மணி’, யுத்த காலத்து ‘புது மணி’ என்று பிரித்துத்தான் பேசுவாள். அம்மா பிறந்தது புது மணிக்கு ஐந்தரை என்று அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு ஆதாரம்.

சுதேச மணியை இரண்டு தரம் கழிப்பது

கையால் கணிக்கும்போது இந்திய ஸ்டாண்டர்டு டைமை (ஐ.எஸ்.டி) சுதேச மணியாக, அதாவது அந்தந்த ஊரின் தீர்க்கரேகைக்கு உரிய மணியாக மாற்றுகிறோம். 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே ஒவ்வொரு பாகைக்கும் 4 நிமிடம் குறைய வேண்டும்: சென்னைக்குச் சுமார் 9 நிமிடம், மதுரைக்குப் பதினேழரை, கோயம்புத்தூருக்கு 22. ஆப்பில் தீர்க்கரேகையைக் கொடுத்தவுடன் அது இந்த வேலையைச் செய்துவிடுகிறது. புத்தகத்தில் படித்ததை விடாமல், கழித்த மணியை ஆப்பில் அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோவைக்காரருக்கு 22 நிமிடம் என்றால் லக்னத்தில் ஐந்தரைப் பாகை. ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்ச லக்னம் நிச்சயம் மாறும்.

1906-க்கு முன்னால்

இப்போதைய ஸ்டாண்டர்டு டைம் வந்தது 1906 ஜனவரி 1-ல். அதற்கு முன் நமக்கு இருந்தது மெட்ராஸ் டைம். கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் 1802-ல் நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து கணக்கிட்டது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. பின்னாளில் ரயில்கள் ஓடியதும் இந்த நேரத்தில்தான்.

ரயில் அந்த நேரத்தில் ஓடியது என்பதால் ஊரும் அதே நேரத்தில் எழுந்தது என்று எடுத்துக்கொள்வதுதான் பிசகு. கோயம்புத்தூரில் சூரியன் சென்னைக்கு 13 நிமிடம் பிந்தி வரும். 1890-ல் அங்கே வீட்டில் பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் அந்த ஊர்ச் சூரியனை வைத்துத்தான் நேரம் எழுதியிருப்பார்கள். ஆப்போ மெட்ராஸ் டைமைப் போடும். இப்படிப்பட்ட ஜாதகத்துக்கு நேர மண்டலத்தைக் கையால் கொடுங்கள், ஊரின் தீர்க்கரேகைக்குச் சரியாக.

மாட்டுங்காவில் பிறந்துவிட்டு மாம்பலத்தில் குடியேறியவர்கள் நிறைய. பம்பாயில் 1906-க்குப் பிறகும் பம்பாய் டைம் விடவில்லை, 1955 வரை புழக்கத்தில் இருந்தது. நம் நேரத்துக்கு 39 நிமிடம் பின்னால். கல்கத்தாவின் தனி நேரம் 1948 வரை. எந்த மணி என்று கேட்காமல் தொடாதீர்கள்.

இரவு 1 மணிக்கு எந்தக் கிழமை?

நமக்கு நாள் என்பது உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. ரமண மகரிஷி திருச்சுழியில் திருவாதிரைத் திருநாள் இரவில், பின்னிரவு 1 மணிக்குப் பிறந்தவர். ஆங்கிலத் தேதி 1879 டிசம்பர் 30, செவ்வாய். தமிழ்க் கணக்கில் அது இன்னும் திங்கட்கிழமைதான். பழைய குறிப்பில் ‘திங்கள் இரவு 1 மணி’ என்று பார்த்தவுடன் திங்கட்கிழமைக்குரிய ஆங்கிலத் தேதியில் 1 மணி என்று அடித்தால் முழுசாக 24 மணி நேரம் முன்னால் போய்விடும். சந்திரன் ஒரு நட்சத்திரமே மாறியிருக்கும். குறிப்பில் உள்ள திதியும் நட்சத்திரமும் நீங்கள் போட்டதோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஒத்துப் போகாவிட்டால் குறிப்பைத் திருத்தும் முன் தேதியைச் சந்தேகப்படுங்கள்.

இலங்கையில் பிறந்தவர்கள்

வளசரவாக்கத்திலிருந்தும் போரூரிலிருந்தும் என்னிடம் வரும் இலங்கைக் குடும்பங்கள் பல. பிள்ளைகளில் பாதிப் பேர் 1996-க்கும் 2006-க்கும் நடுவில் பிறந்தவர்கள். 1996 மே 25-ல் இலங்கை கடிகாரத்தைக் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்பதிலிருந்து ஆறரை மணிக்கு மாற்றியது, அதே வருஷம் அக்டோபர் 26-ல் ஆறு மணிக்கு, 2006 ஏப்ரல் 15-ல் மறுபடி ஐந்தரைக்கு. ஆப்புக்கு இது தெரியும். அதற்குத் தெரியாத ஒன்று உண்டு: விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய ஐந்தரையிலேயே இருந்தார்கள். 2001-ல் கிளிநொச்சியில் பிறந்த குழந்தைக்கும் கொழும்பில் பிறந்த குழந்தைக்கும் காகிதத்தில் ஒரே மணி இருந்தாலும் அரை மணி நேர வித்தியாசம். ஊர்ப் பெயர் மட்டும் போதாது, அந்த வருஷம் அந்த ஊர் யார் கையில் இருந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. மெதுவாகக் கேளுங்கள். அந்தக் கேள்வி அவர்களுக்கு வேறு பலதையும் ஞாபகப்படுத்தும்.

மலாயா, சிங்கப்பூர்

யுத்தம் முடிந்ததிலிருந்து 1981 முடிய கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால். 1982 ஜனவரி 1 முதல் எட்டு. ஜப்பான்காரன் இருந்த 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை டோக்கியோவின் ஒன்பது மணி.

லண்டன்

1968 அக்டோபர் 27 முதல் 1971 அக்டோபர் 31 வரை குளிர்காலத்திலும் ஒரு மணி முன்னால்.

திருத்தியதை எழுதி வைக்காதது

அந்தப் பெரியவரின் குறிப்பை எழுதிய ஜோசியர் யாரென்று தெரியவில்லை. நாழிகை என்று ஒரு வரி கூடுதலாக எழுதினார், எண்பது வருஷம் கழித்து அதுதான் காப்பாற்றியது. நம் பிள்ளைகளோ திருத்திய மணியை மட்டும் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். இன்னும் முப்பது வருஷம் கழித்து அதைப் பார்ப்பவர் மறுபடி ஒரு மணி கழிப்பார். என்னிடம் வருபவர்களை இப்போது ஜாதகத்தின் தலைப்பில் இப்படி எழுத வைக்கிறேன்:

‘குறிப்பில் உள்ளது: இரவு 12.25, யுத்த கால மணி. கழித்தது: 1 மணி, ஒரு முறை. ஐ.எஸ்.டி: முந்தின தேதி இரவு 11.25. உதயம் 5.57. நாழிகை 43-40. ஒத்துப் பார்த்தது.’